மேட்டு ஊரில் சூப்பர்சார்ஜர்: ஒரு எம்.ஜி.பி.யைத் தயார்செய்தல்

மைசூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையின் காற்றழுத்தம் நூறு என்றால் இங்கே 91. எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். 1962இல் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி.க்கு நிறுவனம் சொன்ன சக்தி 95 குதிரைசக்தி. மைசூருவில் அது தோராயமாக 87 ஆகிவிடுகிறது; 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது 72. மசினகுடி வழியாகக் கல்லட்டியின் 36 வளைவுகளை ஏறியவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் கியரில் கால் தரையைத் தொட்டும் வண்டி முனகிக்கொண்டே நிற்கும்.

சூப்பர்சார்ஜர் இந்தக் குறையை நேராகத் தீர்க்கும் கருவி. கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் போட்டுச் சுழற்றும் ஒரு காற்றுப் பம்ப், அவ்வளவுதான். எஞ்சின் உறிஞ்சட்டும் என்று காத்திருக்காமல் காற்றை உள்ளே தள்ளுகிறது. எம்.ஜி. கார்களுக்கு இது புதிதும் இல்லை. 1933இல் மில்லே மிலியா பந்தயத்தின் 1100 சி.சி. பிரிவை வென்ற கே3 மேக்னெட், 1087 சி.சி. எஞ்சினில் சூப்பர்சார்ஜர் பூட்டிய வண்டி. அதே ஆண்டு பந்தய ஓட்டுநர் நூவொலாரி அல்ஸ்டரில் டூரிஸ்ட் டிராஃபி கோப்பையை வென்றதும் கே3 ஓட்டித்தான்.

ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்ட பொருத்தும் கையேட்டை அப்படியே பின்பற்றினால் மைசூருக்காரர் ஓர் இடத்தில் தவறுவார். அந்த இடத்தைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம். மற்ற வேலைகளையும் சொல்கிறேன். ஆனால் புல்லி, கார்புரேட்டர் நீடில் இரண்டையும் பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

உங்கள் மெக்கானிக்குக் கை பழகிய எஞ்சின்

எம்.ஜி.பி. நம் நாட்டில் கடைபோட்டு விற்ற வண்டி அல்ல. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தூதரக அலுவலர்கள் கொண்டுவந்து, திரும்பும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாகக் கைமாறிய வண்டிகளும் உண்டு. அபூர்வ வண்டி என்பதால் எஞ்சினும் அபூர்வம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அது பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின். நம் அம்பாசிடரில் பல்லாண்டு ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். எம்.ஜி.பி.யில் அது 1798 சி.சி.யாக வளர்ந்தது. வால்வு கிளியரன்ஸ் வைப்பது, ஹெட் இறக்குவது, தண்ணீர்ப் பம்ப் மாற்றுவது எல்லாம் ஒரே முறை. டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் அம்பாசிடர் பார்த்த மேஸ்திரிக்கு இந்த எஞ்சின் அந்நியம் இல்லை. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரும் அவருக்குத் தெரியும். சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். செய்துகொடுத்த பொருள் அல்லவா?

மைசூருவுக்கு இன்னொரு பலமும் உண்டு. 1961இல் தொடங்கி 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலை யாதவகிரியில்தான் இருந்தது. ஜாவா, யெஸ்டி வண்டிகளைப் பிரித்துச் சேர்த்தே பிழைத்த பட்டறைகள் ஊரில் பல. எஞ்சின் சத்தத்தைக் காதால் அளக்கும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். சூப்பர்சார்ஜர் வேலையில் கடைசி முடிவைச் சொல்வது காதுதான். அப்படி ஒருவரைத் தேடிப்பிடித்து இந்த வேலையில் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பாருங்கள். 1964 வரை வந்த எம்.ஜி.பி.யில் கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான். அதற்குப் பிறகு ஐந்து. மூன்று பேரிங் எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் வேண்டாம் என்பது என் கருத்து. முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. அது இனிக் கிடைக்காத எஞ்சின். அதை அப்படியே காப்பாற்றுவதுதான் சரி.

சட்டத்தை முதலில் முடியுங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2021இல் வந்த விண்டேஜ் விதிகள் 50 வயது கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனிப் பதிவெண் தருகின்றன. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் காத்த வண்டிக்குத்தான் அது. அந்தப் பதிவில் தினசரி ஓட்டமும் கிடையாது. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறங்கலாம்.

எனவே ஸ்பேனரைத் தொடும் முன் மூன்று காரியம். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விண்டேஜ் பதிவு எடுக்கும் எண்ணம் இருந்தால் சூப்பர்சார்ஜரை மறந்துவிடுங்கள், அல்லது வண்டியைத் தனியார் தடத்துக்கும் காட்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் ஒரு விதியை நான் விட்டுக்கொடுப்பதில்லை: வண்டியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடக் கூடாது. போல்ட்டால் பூட்டி, போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

எஞ்சின் தாங்குமா?

எஞ்சின் சூடான பிறகு நான்கு பிளக்கையும் கழற்றிக் கம்ப்ரஷன் பாருங்கள். கையேட்டு எண்ணோடு ஒப்பிடும்போது ஊரின் உயரத்தை நினைவில் வையுங்கள். கடற்கரையில் 160 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) காட்டும் எஞ்சின் மைசூருவில் 146 அளவுதான் காட்டும். அது நோய் அல்ல. நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுதான் நோய். சூடான எஞ்சினில், ஓட்டத்தில், எண்ணெய் அழுத்தம் 50 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேரிங் வேலை, சூப்பர்சார்ஜர் பிறகு.

கம்ப்ரஷன் விகிதம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான எம்.ஜி.பி. 8.8, குறைந்த கம்ப்ரஷன் எஞ்சின்கள் 8.0. கையில் 8.0 இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஹெட் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, ஸ்டட் நட்டுகளை 45 முதல் 50 பவுண்டு-அடி வரை வரிசைப்படி இறுக்கி, 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். ரேடியேட்டரில் நாள்பட்ட உப்பு அடைத்திருந்தால் கோர் மாற்றுங்கள். பிரேக்கைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை: வேகம் கூட்டும் முன் நிற்கக் கற்க வேண்டும். முன் டிஸ்க், பின் டிரம், ரப்பர் ஹோஸ் மூன்றும் புதிது போல இருக்க வேண்டும்.

எந்தப் பம்ப்?

சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று ஐம்பது, அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஷாராக். உள்ளே தகடுகள் சுழலும் வகை. எஞ்சின் எண்ணெயில் ஒரு துளியளவு குழாய் வழியாக அதற்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகாவிட்டால் தகடு தேய்ந்து தூளாகும், அதிகம் போனால் பிளக் எண்ணெயில் குளிக்கும். அழகான பொருள். ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய நேரம் உள்ளவர்களுக்குத்தான்.

மற்றது ஈட்டன் எம்45. ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது 737 சி.சி. காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகை. தன் எண்ணெயைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் குழாய் வேலை இல்லை. எம்.ஜி.பி.க்கென்றே மேனிஃபோல்டு, பிராக்கெட், ஒற்றை எஸ்.யு. கார்புரேட்டர் எல்லாம் சேர்ந்த தொகுப்பு அமெரிக்காவில் விற்றது. சுங்கவரியோடு விலை கணிசம். பழைய மினி கூப்பர் எஸ் வண்டியில் இருந்து கழற்றிய எம்45 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த வண்டியில் தண்ணீர்ப் பம்ப் சூப்பர்சார்ஜரின் பின்முனையிலிருந்து ஓடுகிறது. அதை அடைத்து, வாய்களுக்குத் தகடு வெட்டி, புல்லி மாற்றிப் பூட்டுவதற்குள் மலிவு காணாமல் போய்விடும்.

கார்புரேட்டரைப் பம்புக்கு முன்னால் வைப்பதே இந்த வண்டிக்கு ஏற்றது. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் கார்புரேட்டர் இருப்பதால் பழைய எஸ்.யு. மின் பெட்ரோல் பம்பின் அழுத்தமே போதும். பெட்ரோல் ஆவியாகும்போது சூடான காற்றையும் கொஞ்சம் குளிர்விக்கும். 6 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றை நசுக்கினால் 50 டிகிரி வரை வெப்பம் ஏறும் என்பதால் இது சின்ன உதவி அல்ல. ஆனால் இந்த அமைப்பில் பம்ப் முதல் வால்வு வரை முழுப் பாதையும் எரியக்கூடிய கலவையால் நிறைந்திருக்கும். எஞ்சின் ஒருமுறை பின்னோக்கி வெடித்தால் போதும். எனவே மேனிஃபோல்டில் அழுத்தம் விடும் வால்வு கட்டாயம். அது இல்லாத தொகுப்பை வாங்காதீர்கள்.

புல்லியும் நீடிலும்: மைசூருக்காரர் தவறும் இடம்

தொகுப்போடு வரும் புல்லி, கடல்மட்டத்தில் 6 பவுண்டு அழுத்தம் கொடுக்கும்படி கணக்கிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொருத்தி முடித்துச் சாமுண்டி மலை ஏறுகிறீர்கள். அழுத்த மீட்டர் ஐந்தரையைத் தாண்ட மறுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: “சார், அரை பவுண்டு குறையுது. லேத்ல கொடுத்துப் புல்லியைக் கொஞ்சம் சின்னதாக்கிட்டா சரியாயிடும்.”

செய்யாதீர்கள். பம்ப் சரியாகத்தான் வேலை செய்கிறது. இந்த வகைப் பம்ப் காற்றழுத்தத்தை ஒரு நிலையான மடங்கில் பெருக்கும். குறிப்பிட்ட பவுண்டைக் கூட்டுவதில்லை. கடல்மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பவுண்டு. அதோடு 6 சேர்ந்தால் 20.7, அதாவது 1.41 மடங்கு. மைசூருவில் வெளிக்காற்றே 13.4தான். அதன் 1.41 மடங்கு 18.9. வெளிக்காற்றைக் கழித்துக் காட்டும் மீட்டரில் அது 5.5. ஊட்டியில் 11.2 பவுண்டு காற்று 15.8 ஆகும், மீட்டர் 4.6 காட்டும். மீட்டர் இறங்கினாலும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் ஊட்டியிலும் சென்னைக் கடற்கரைக் காற்றைவிட அதிகம். அதற்காகத்தானே இதைப் பூட்டினோம்?

இப்போது புல்லியைச் சின்னதாக்கிய வண்டியைப் பார்ப்போம். மைசூருவில் மீட்டர் அழகாக 6 காட்டும். அதே வண்டி மடிக்கேரி தாண்டி, சம்பாஜே இறக்கத்தில் இறங்கி மங்களூரு போனால் 6.6 காட்டும். ஊட்டியில் 6 வேண்டும் என்று ஆசைப்பட்டவரின் வண்டியோ மங்களூருவில் 8ஐத் தொடும். 8.8 கம்ப்ரஷன் எஞ்சினுக்குக் கடல்மட்டத்தில் 6 பவுண்டே எல்லைக்கோடு. 8.8ஐ 1.41ஆல் பெருக்கினால் 12.4. நம் பங்க் பெட்ரோலில், மே மாத மங்களூரு வெயிலில், அதற்கு மேல் போனால் நாக்கிங் தொடங்கும்.

இதோடு முடியவில்லை. எஸ்.யு. கார்புரேட்டர் காற்றின் அடர்த்தியை முழுதாக அறியாது. உயரம் ஏற ஏறப் பெட்ரோல் விகிதம் தானாகக் கூடும்; இறங்க இறங்கக் குறையும். மைசூருவில் மிகச் சரியாக அமைத்த நீடில், மங்களூருவில் சுமார் 4 சதவீதம் பெட்ரோல் குறைவாகக் கொடுக்கும். அழுத்தம் ஏறும் அதே இடத்தில், வெப்பம் ஏறும் அதே இடத்தில், பெட்ரோலும் குறைகிறது. பிஸ்டன் தலையில் துளை விழுவது இப்படித்தான். வீட்டுத் தெருவில் ஒரு குறையும் காட்டாத வண்டி கடற்கரைச் சாலையில் சாகும்.

ஆகவே புல்லியைக் கடலுக்காகத் தேர்ந்தெடுங்கள். 8.8 எஞ்சினுக்குக் கடல்மட்டத்தில் 5 முதல் 6, 8.0 எஞ்சினுக்கு 6 முதல் 7. அதற்கு மேல் வேண்டாம். எம்45க்குக் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது பம்ப் சுமார் ஒன்றரைச் சுற்று சுற்றினால் இந்த எல்லையில் நிற்கும். கிராங்க் புல்லி 135 மில்லிமீட்டர் என்றால் பம்ப் புல்லி 90. மீட்டர் பக்கத்தில் ஒரு சிறு அட்டை ஒட்டி, ‘மங்களூரு 6, மைசூரு 5.5, ஊட்டி 4.6’ என்று எழுதிவைக்கச் சொல்வேன். உங்களுக்குப் பிறகு அந்த வண்டியைத் தொடும் மெக்கானிக்குக்கு அது காவல்.

நீடிலுக்கு லாம்டா மீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். சைலன்சர் டவுன்பைப்பில் சென்சார் பூட்டி, முழு ஆக்சிலரேட்டரில் பாருங்கள். காற்று-பெட்ரோல் விகிதமாக அல்லாமல் லாம்டாவாகவே (சரிவிகிதத்தை 1 என்று வைத்த அளவு; 1க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) படியுங்கள். இன்றைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்ற சரிவிகிதம் இதற்குச் சுமார் 13.5. பழைய கையேட்டில் உள்ள எண்கள் இனிப் பொருந்தாது, லாம்டா எப்போதும் பொருந்தும். கடல்மட்டத்தில் முழு அழுத்தத்தில் 0.85ஐத் தாண்டக் கூடாது. அப்படியானால் மைசூருவில் 0.82 வைக்க வேண்டும். ஊரில் கொஞ்சம் பெட்ரோல் அதிகம் குடிக்கும். குடிக்கட்டும்.

நீடிலின் விட்டத்தை எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை அளந்து அட்டவணை போட்டிருப்பார்கள். அட்டவணை பார்த்து வாங்குங்கள். எமரி தாளில் நீடிலைத் தேய்த்தே சரிசெய்யும் கைகாரர்கள் உண்டு. அவர்களிடம் கொடுப்பதானால் முதலில் இரண்டு உதிரி நீடில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும் என்பதால் டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும், மிதவை வால்வையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

பூட்டும்போது

புல்லியை லேத்தில் செய்யக் கொடுத்தால் வாங்கும்போதே டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். நான் முதலில் செய்யக் கொடுத்த புல்லியின் துளை மையம் விலகியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. பெல்ட் கீச்சிட்டது, இழுவை கூட்டினேன், மூன்றாம் நாள் நஞ்சன்கூடு சாலையில் பெல்ட் நாராகக் கிழிந்தது. அன்று முதல் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடும் புல்லியை நான் வாங்குவதில்லை. இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று எஃகு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் ஷிம் போடுங்கள். இழுவையைக் கூட்டி இந்தக் குறையை மறைக்க முடியாது.

மேனிஃபோல்டில் இனி வெற்றிடம் மட்டுமல்ல, அழுத்தமும் வரும். அதனால் அங்கிருந்து பிரியும் ஒவ்வொரு குழாயையும் தொட்டுப் பாருங்கள். பிரேக் சர்வோவின் ஒருவழி வால்வு புதிதாக இருக்கட்டும். கிராங்க்கேஸ் மூச்சுக்குழாய் மேனிஃபோல்டில் இருந்தால் அதைப் பிரித்துக் கார்புரேட்டர் பக்கத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அழுத்தம் எஞ்சினின் அடிக்குள் புகுந்து ஒவ்வொரு சீலிலும் எண்ணெய் தள்ளும். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாயும் கார்புரேட்டரில்தான் இருக்க வேண்டும்.

டைமிங்கைக் குறைக்க வேண்டும். சாதாரணமாக மொத்தம் 32 டிகிரி வரை முன்னேறும் எஞ்சினுக்கு, ஒரு பவுண்டுக்கு ஒரு டிகிரி என்று கழித்து 26இல் தொடங்குங்கள். பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றுங்கள், என்.ஜி.கே.யில் பி.பி.6இ.எஸ். இருந்த இடத்தில் பி.பி.7இ.எஸ். இடைவெளி 0.6 மில்லிமீட்டர்.

வெள்ளோட்டம்

முதல் 500 கிலோமீட்டர் அழுத்தம் ஏறாமல் ஓட்டுங்கள். ஹெட்டை மறுபடி இறுக்கிய பிறகு சாமுண்டி மலைக்குப் போகலாம். நகரத்திலிருந்து சுமார் 300 மீட்டர் ஏற்றம். மூன்றாம் கியரில் குறைந்த வேகத்தில் எஞ்சினுக்குச் சுமை கொடுத்துக் காது கொடுத்துக் கேட்க ஏற்ற சாலை. வார நாளில், விடிந்ததும் போங்கள். ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளிலும் தசராவிலும் அது பக்தர்களின் சாலை. நாம் போகக் கூடாது. டப்பாவில் கூழாங்கல் குலுக்கினாற்போல மெல்லிய சத்தம் கேட்டால் அது நாக்கிங்; உடனே காலை எடுத்துவிடுங்கள். டைமிங்கை இரண்டு டிகிரி குறைத்து மறுபடி ஏறுங்கள்.

அடுத்தது குண்டுலுபேட்டை, பந்திப்பூர் வழியாக ஊட்டி. காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள். அந்தப் பயணம் மகிழ்ச்சிக்காக. கல்லட்டியில் மூன்றாம் கியரில் வண்டி ஏறும்போது செலவழித்த பணத்துக்கும் மாதங்களுக்கும் பதில் கிடைத்துவிடும். ஆனால் ஊட்டிக்குப் போய்வந்ததை வைத்து வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். மேட்டில் எந்தத் தவறும் வெளியே தெரியாது.

கடைசிப் பரிசோதனை மங்களூருவில்தான். லாம்டா மீட்டரோடு, உதிரி நீடிலோடு, மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை கடற்கரைக்கு இறங்குங்கள். அங்கே முழு அழுத்தத்தில் லாம்டா 0.85க்குள் நின்று, பிளக் நான்கும் ஒரே பழுப்பு நிறத்தில் வந்தால் நீடிலை முடிவுசெய்யலாம். கழற்றிய இரட்டைக் கார்புரேட்டரையும், பழைய மேனிஃபோல்டையும், ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணெய் தடவி, பெயர் எழுதி, ஒரே பெட்டியில் வையுங்கள். வண்டியை என்றாவது விற்றால் அந்தப் பெட்டியையும் சேர்த்தே கொடுங்கள்.